மக்காச்சோளக் களியும் சயாமுக்குப் போன அப்பாவும்

1

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரோட்டில் லாரி சத்தம் கேட்டால் பேனாவைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறேன். தோட்டத்து லாரிதான், ரப்பர் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போகிறது. தெரிந்த டிரைவர், கையை ஆட்டிவிட்டுப் போகிறார். நானும் ஆட்டுகிறேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் விட்ட வரி எதுவென்று தெரிவதில்லை.

முந்தாநாள் எங்கள் வீட்டில் மக்காச்சோளக் களி. மலாயாவுக்குப் போனவன் தினமும் நெய்ச்சோறு தின்கிறான் என்று ராசிபுரம் சந்தையில் என்னைப் பற்றிப் பேச்சு உண்டாம், ஊரிலிருந்து வந்தவர் ஒருவர் சொன்னார். அந்தப் பெயர் அப்படியே இருக்கட்டும், கெடுக்க வேண்டாம். ஆனால் வருஷத்தில் ஒரு நாள், புரட்டாசியில், நாங்கள் களிதான் தின்கிறோம். ஜப்பான்காரன் போன பிறகு நான் பரணைவிட்டுப் பகல் வெளிச்சத்தில் கீழே இறங்கிய நாள் அது. பண்டிகைக்குச் சொல்வதுபோல அதற்கு ஒரு பெயர் கிடையாது. என் மனைவி பாவாயி காலையிலேயே உலை வைப்பாள், அவ்வளவுதான்.

இந்த வருஷம் அந்தக் களியின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் என்னைப் பிடித்துக்கொண்டு போகப் பார்த்தார்கள். காட்டிக் கொடுக்கப் பார்த்தது என் மகள் தங்கம். அவள்மேல் தப்பில்லை. எப்படி என்று சொல்ல வேண்டுமானால் சோளத்திலிருந்து தொடங்க வேண்டும்.

2

நம்மூர்க்காரரான உங்களுக்குச் சோளத்தைப் பற்றி நான் சொல்வது அம்மாபேட்டை நெசவாளருக்குத் தறியைப் பற்றிச் சொல்வது போலத்தான். ஆனாலும் இங்கே பிறந்த பிள்ளைகளும் ஒருநாள் இதைப் படிக்கலாம் என்ற ஆசையில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் வெண்ணந்தூருக்குப் பக்கம். மழையை நம்பிய காடு. அரிசிச் சோறு தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும்; மற்ற நாளெல்லாம் சோளம், கம்பு, ராகி. சோளத்தை உரலில் போட்டுத் தண்ணீர் தெளித்துத் தெளித்து இடித்தால் தொலி கழன்றுவிடும். புடைத்து, நொய்யையும் மாவையும் பிரித்து, நொய்யை முதலில் வேகவிட்டு, பிறகு மாவைத் தூவித் துடுப்பால் கிண்டினால் களி. தொட்டுக்கொள்ளக் கொள்ளுக் கடைசல் இருந்தால் அன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உருண்டை பிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஈரக் கிண்ணத்தில் போட்டுச் சுழற்றி எடுப்பார்கள், ஆளுக்குத் தகுந்த அளவு. காட்டு வேலைக்குப் போகிற ஆணின் உருண்டை இரண்டு கையையும் சேர்த்தால்தான் அடங்கும். அதன் தலையில் கரண்டியின் முதுகால் அழுத்தி ஒரு குழி வைத்து, குழம்பை அதில் ஊற்றுவார்கள். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உருண்டை சின்னது, குழி கிடையாது, குழம்பு பக்கத்தில் கிடக்கும். குழி வைத்ததை ஆள் உருண்டை என்போம். ஒரு வீட்டு அடுப்படியை எட்டிப் பார்த்தாலே போதும், அந்த வீட்டு ஆண் ஊரில் இருக்கிறானா, செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்விட்டானா என்று சொல்லிவிடலாம்.

மக்காச்சோளம் எங்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. கிணற்று வாய்க்கால் ஓரம் நாலு தட்டு நிற்கும். பிள்ளைகள் ஒடித்துச் சுட்டுத் தின்போம். அதைக் களி கிண்டலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டு மலையில் இருக்கும் சாமியின் பெயர். கழுத்தில் தாலி ஏறிய நாள் முதல் பாவாயி அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று அவளுக்கு ஊட்டி வளர்த்திருக்கிறார்கள். சாமி கும்பிடும்போதுகூட ‘மலைமேல இருக்கறவரே’ என்பாள். என்னால் சாமிக்கு அவ்வளவு நஷ்டம்.

3

கிணறு வற்றிய வருஷம் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். இங்கே ரப்பர்த் தோட்டத்தில் புகைக்கூடத்து வேலை. உறைந்த ரப்பர்ப் பாலைத் தகடாக்கிப் புகையில் உலர்த்த வேண்டும். நடுவில் ஊருக்கு வந்து பாவாயியைக் கட்டி அழைத்துக்கொண்டு வந்தேன். தங்கம் இங்கேயே பிறந்தாள். அவள் பேச்சு இந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. சோற்றை ‘நாசி’ என்கிறாள். கத்தரிக்காய் பிடிக்கவில்லை என்றால் ‘சுக்கா இல்லப்பா’ என்கிறாள். எல்லாம் மலாய். நான் திருத்தினால், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்கள் என்று என்னைத் திருத்துகிறாள். காலையில் ரொட்டி வேண்டும். களியைக் கண்டால் எழுந்து வெளியே போய்விடுவாள். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, மலாயாப் பிள்ளை, நம்மூர்ச் சாப்பாடு இறங்குமா என்று சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். காரணம் அது இல்லை என்று எனக்கும் பாவாயிக்கும் தெரியும்.

ஜப்பான்காரன் வந்தபோது முதலில் காணாமல் போனது அரிசி. ரப்பர் வாங்க ஆளில்லை, தோட்டத்தில் வேலை நின்றது. காட்டோரமாக ஆளுக்கொரு துண்டு நிலத்தைக் காட்டி, நட்டுத் தின்னுங்கள் என்றார்கள். லயத்து வரிசை வீட்டைவிட்டு அங்கே ஒரு குடிசை போட்டுக்கொண்டோம். மரவள்ளி நட்டோம். ஒரு சீனர் கொடுத்த விதையில் மக்காச்சோளமும் போட்டோம்.

பாவாயி முதல் கதிரை உதிர்த்து, ஊர்ச் சோளம் என்று நினைத்துத் தண்ணீர் தெளித்து இடித்தாள். அது உரலைவிட்டுத் துள்ளி ஓடியது. தொலி கழலவில்லை. அப்படியே உடைத்துக் கிண்டியதில் தொலியெல்லாம் தொண்டையில் ஒட்டிக்கொண்டு, ராத்திரி மூன்று பேரும் செருமிக்கொண்டே கிடந்தோம். அவள் விடவில்லை. ஊறப்போட்டு, நிழலில் அரைக்காய்ச்சலாக உலர்த்தி, திருகையில் உடைத்து, தொலியைப் புடைத்துத் தள்ளி, நொய்யை மறுபடியும் ஊறவைத்து வேகவிட்டாள். மாவைக் கடைசியில் கொஞ்சம்தான் தூவ வேண்டும் என்று கண்டுபிடித்தாள். தொட்டுக்கொள்ள மரவள்ளிக் கீரையும், கிடைத்தால் கருவாடும். உப்பு சில நாள் உண்டு, சில நாள் இல்லை. களி சோளக் களியைப் போல இறுகாது, கொஞ்சம் இனிக்கும். அந்த இனிப்பைப் பாவாயி இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறகு சயாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், சம்பளமும் அரிசியும் உண்டாம். முதலில் போனவர்கள் திரும்பவில்லை. அதற்குப் பிறகு யாரும் தானாகப் போகவில்லை, லாரிதான் வந்தது. ஒருநாள் என்னையும் ஏற்றினார்கள். பாவாயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் லாரிக்குப் பின்னாலேயே ஓடிவந்தாள். தோட்டமே பார்த்தது.

வழியில் நல்ல மழை. ஒரு மேட்டு வளைவில் லாரி நகர முடியாமல் முனகியது. நான் ரோட்டோரப் பள்ளத்தில் குதித்தேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். உட்கார்ந்திருக்கவும் பயம், குதிக்கவும் பயம், குதிக்கிற பயம் முதலில் முடிந்துவிடும் என்று தோன்றியது. சட்டைப்பையில் இருந்த என் காகிதங்களெல்லாம் அந்தப் பள்ளத்துத் தண்ணீரோடு போயின. காட்டுக்குள்ளேயே நடந்து வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று முதல் நான் சயாமுக்குப் போனவன். மக்காச்சோளக் கதிர் காயப்போடும் பரண்தான் என் வீடு. கதிர்க் குவியலுக்குப் பின்னால், வண்டும் உமியும் மூக்கில் ஏற, தும்மலை அடக்கிக்கொண்டு படுத்திருப்பேன். இருட்டிய பிறகு கீழே இறங்குவேன். தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

குழந்தைக்குத் தெரியுமே. அதுதான் எங்களுக்குப் பெரிய பயம். தங்கத்துக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் பாவாயி அவளை மடியில் உட்காரவைத்துத் தினமும் கேட்பாள், ஊட்டுல எத்தன பேரு? அவள் சொல்ல வேண்டும்: “ரெண்டு பேருங்க. நானும் எங்கம்மாவுங்க. எங்கப்பா சயாம் போயிட்டாருங்க.” உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், “ஆருமில்லீங்க.” அழாமல் சொல்ல வேண்டும், மேலே பார்க்காமல் சொல்ல வேண்டும். மேலே படுத்துக்கொண்டு நானும் தினமும் கேட்பேன், நான் இல்லை என்பதை.

4

பயந்தது நடந்தது. லாரி போய்ச் சேர்ந்த இடத்தில் ஆள் கணக்கில் ஒன்று குறைந்திருக்கிறது. ஒருநாள் மத்தியானம் ஒரு ஜப்பான் சிப்பாயும், அவனுக்கு வழிகாட்ட எங்கள் தோட்டத்துக் கங்காணியும் குடிசைக்கு வந்தார்கள். கங்காணி திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள்.

பாவாயி அப்போதுதான் களியை இறக்கியிருந்தாள். பரணில் கிடப்பவனுக்கு இருட்டிய பிறகு கொடுக்க, எப்போதும் சட்டியோடு மூடி வைத்துவிடுவாள். அன்று என்ன நினைப்பில் இருந்தாளோ, கை தன் போக்கில் போய்விட்டது. ஈரக் கிண்ணத்தில் பெரிதாகச் சுழற்றி, வட்டிலில் போட்டு, கரண்டியின் முதுகால் குழி வைத்து, கீரைச் சாற்றை ஊற்றிவிட்டாள். பக்கத்தில் அவளுக்கும் குழந்தைக்குமாக இரண்டு சின்ன உருண்டைகள். நிமிர்ந்தால் வாசலில் ஆள்.

பரண் மூங்கில் இடுக்கு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிப்பாய்க்கு அது வெறும் களி. அவன் துப்பாக்கி முனையால் மூட்டையைக் குத்திப் பார்த்தான். கங்காணி மட்டும் வட்டிலைப் பார்த்தார். நம் பக்கத்து ஆள் அதைப் பார்த்தால் போதும், படித்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பரணிலேயே செத்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன்.

“ஆருக்கு அம்மிணி இந்த உருண்டை?” என்று கேட்டார்.

தங்கம் வட்டிலைத் தன் பக்கம் இழுத்தாள்.

“எனக்குத்தானுங்க.”

“நீயே தின்னுருவியா கண்ணு?”

“தின்னுருவேனுங்க.”

தின்ன ஆரம்பித்தாள். கங்காணி எதிரில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். பாதிக்கு மேல் அவளால் விழுங்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடியும் உருட்டி வாயில் போட்டாள். ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை. பாவாயி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். ஐந்து வயதுக் குழந்தை ஓர் ஆளின் சாப்பாட்டைத் தின்று முடித்து வட்டிலை வழித்தும் காட்டியது. கங்காணி எழுந்து சிப்பாயிடம் கையை விரித்தார். குழந்தைக்குச் சுடுதண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் நம்பினாரா, இரக்கப்பட்டாரா, எனக்குத் தெரியாது. யுத்தம் முடிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டார், கேட்க முடியவில்லை. அன்று பொழுது சாயும்வரை தங்கம் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாள். நான் இறங்கி வந்து அவள் முதுகைத் தடவ முடியவில்லை. அன்றிலிருந்து அவள் களியைத் தொடுவதில்லை.

5

இப்போது நாடு மறுபடியும் சரியில்லை. காட்டுக்குள் ஆயுதத்தோடு சிலர் இருக்கிறார்கள், சர்க்கார் அவர்களைத் தேடுகிறது. அவர்களுக்குச் சோறு போகிறதா என்று காட்டோர வீடுகளைச் சோதிக்கிறார்கள். எல்லாருக்கும் படம் ஒட்டி விரல் ரேகை வைத்த அடையாளச் சீட்டு வேண்டும். இல்லாதவன் காட்டு ஆள். பாவாயிக்குச் சீட்டு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. யுத்தத்துக்கு முந்திய காகிதம் கொண்டுவா என்கிறார்கள். அது பள்ளத்தில் போய்விட்டது என்றால் தோட்டத்துப் பதிவைக் கொண்டுவா என்கிறார்கள். தோட்டத்துப் பதிவு எரிந்துவிட்டது என்றால் அடுத்த ஜன்னலுக்குப் போ என்கிறார்கள். அடுத்த ஜன்னல் பன்னிரண்டு மணிக்குச் சாத்திவிடுகிறது. மனு மட்டும் எழுதி வாங்கி வைத்திருக்கிறார்கள்.

முந்தாநாள் பாவாயி எனக்கு ஆள் உருண்டை பிடித்து, குழி வைத்து, சாற்றை ஊற்றினாள். முதல் கவளத்தைக் கையில் எடுத்தேன். களியைக் கண்டதும் வழக்கம்போலத் தங்கம் வாசலுக்குப் போய்விட்டாள். லாரி வந்து நின்றது.

ஒரு வெள்ளைக்கார அதிகாரி, துப்பாக்கியோடு நாலைந்து பேர், ஒரு தமிழ்க் குமாஸ்தா. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், பேச்சில் தெரிந்தது. வாசலில் நின்ற பிள்ளையிடம் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

“ரெண்டு பேருங்க. நானும் எங்கம்மாவுங்க. எங்கப்பா சயாம் போயிட்டாருங்க.”

உள்ளே இருந்து கேட்ட எனக்குக் கை அப்படியே நின்றது. ஐந்து வயதுக் குரலில் நான் கேட்ட அதே வார்த்தைகள், அதே ஏற்ற இறக்கம். அதில் ஒரு மலாய்ச் சொல் இல்லை. சுத்தமான எங்கள் ஊர்ப் பேச்சு.

அவர்கள் உள்ளே வந்தார்கள். சயாமுக்குப் போன வீட்டு ஆண், அடுப்படியில் களி உருண்டையோடு உட்கார்ந்திருந்தேன். துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. குமாஸ்தா தங்கத்தைக் கூப்பிட்டு, இது யார் என்று கேட்டார். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“ஆருமில்லீங்க” என்றாள்.

என் பெயரையும் ஊரையும் சொன்னேன், மனு கொடுத்திருப்பதையும் சொன்னேன். சீட்டைக் கேட்டார்கள். இல்லை. என்னைக் கையைப் பின்னால் கட்டச் சொல்லி முற்றத்தில் மண்டியிட வைத்தார்கள். இவன் சொன்னதை வைத்து ஒன்றும் நடக்காது, இவன் பேர் என்ன என்று அந்தப் பெண்ணைக் கேள் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். குமாஸ்தா பாவாயியிடம் கேட்டார். உள்ளே சத்தமே இல்லை. மறுபடியும் கேட்டார். பெயர் தெரியாததால்தான் அவள் சொல்லவில்லை என்று அந்த வெள்ளைக்காரர் நினைப்பார் என்பது எனக்குப் புரிந்தது. சத்தம் போட்டுச் சொல் என்று கத்த வாயைத் திறந்தேன், ஒருவன் துப்பாக்கிக் கட்டையைத் தோளில் வைத்து அழுத்தினான்.

குமாஸ்தாவுக்கு நம் வழக்கம் தெரியும் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்தி, “அம்மா, சொல்லிடுங்க. சொல்லலேன்னா லாரியிலே ஏத்திடுவாங்க” என்றார்.

லாரி என்ற சொல்தான் அவளை அசைத்திருக்க வேண்டும்.

“அர்த்தநாரி” என்றாள். ஒருமுறை சொன்ன பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. “அர்த்தநாரி, வெண்ணந்தூரு பக்கம். அர்த்தநாரிங்க. என்னியக் கட்டுனவருங்க, எம்புள்ளைக்கு அப்பனுங்க.” சொல்லிக்கொண்டே அழுதாள். நானும் முற்றத்து மண்ணைப் பார்த்தபடி அழுதேன். பயத்திலா, என் பெயரை அவள் வாயால் கேட்டதிலா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

குமாஸ்தா தன் பையில் இருந்த மனுக்களைப் புரட்டி என் பெயரைத் தேடி எடுத்தார். அதிகாரி என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். திங்கட்கிழமை நேரில் வந்து ரேகை வைக்க வேண்டும், வராவிட்டால் தேடி வருவோம் என்று சொல்லி என்னை எழுந்திருக்கச் சொன்னார்கள். குமாஸ்தாதான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

அவர்கள் படியிறங்கிய பிறகு பாவாயி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். தங்கம் தூணை ஒட்டி நின்றாள். அடிப்பேன் என்று நினைத்தாளோ என்னவோ, கிட்டே வரவில்லை. நான் கையை நீட்டினேன். வந்தாள். என் காதோரம் கேட்டாள்.

“அப்பா, இனிமே சொல்லலாமா?”

என்ன கேட்கிறாள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது பாவாயியைப் பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள். யுத்தம் முடிந்தது, நான் பரணிலிருந்து இறங்கினேன், வருஷா வருஷம் களி கிண்டினோம். என்ன சொல்ல வேண்டும் என்று தினமும் மடியில் வைத்துச் சொல்லிக் கொடுத்தோமே, போதும் சாமி, இனி அதைச் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் யாருமே சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் இத்தனை வருஷமாக என்ன சொல்லி வந்தாளோ.

“சொல்லலாம் சாமி” என்றேன்.

என் கையை விட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். லாரி அப்போதுதான் திருப்பத்தில் மறைந்துகொண்டிருந்தது. படியில் நின்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிறவளைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

“எங்கூட்டுல மூணு பேருங்க. எங்கப்பா இருக்காருங்க.”

ரோட்டில் கேட்க ஆளில்லை. அவள் மறுபடியும் ஒருமுறை சொன்னாள்.